முப்பத்தோராம் பக்கம்

எங்கள் அலுவலகத்தில் அவர் வந்து சேர்ந்த முதல் நாள், மதியச் சாப்பாடு முடிவதற்குள் பத்துப் பதினைந்து கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, திருப்பி ஒன்றுகூடக் கேட்காமல் டிபன் பாக்ஸைக் கழுவ எழுந்து போனார். சொந்த ஊர் எது, வீட்டுக்காரர் என்ன செய்கிறார், பிள்ளைகள் எத்தனை, ஏன் இல்லை, டாக்டரிடம் காட்டினீர்களா, இவ்வளவு தூரம் மாற்றல் எதற்கு. செய்யாறு பக்கம், இல்லை, இல்லை, காட்டவில்லை, கிடைத்தது வந்துவிட்டேன். அவ்வளவுதான் பதில். கலெக்டர் ஆபீஸ் இருக்கிற எங்கள் வேங்கிக்காலில் எந்த ஆபீசுக்குப் புதிதாக யார் வந்தாலும் இந்த விசாரணை உண்டு. அது வரவேற்பில் சேர்த்தி. பதிலுக்கு அவரும் எங்களை நான்கு கேள்வி கேட்டிருந்தால் பழக்கம் தொடங்கியிருக்கும். கேட்கவில்லை. திமிர் பிடித்த பொம்பளை என்று சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் முடிவாகிவிட்டது.

முடிவு செய்தவர்களில் நானும் ஒருத்தி. அவருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது, நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு. பக்கத்துப் பக்கத்து மேஜை. அதனால் அது திமிர் இல்லை என்பது மற்றவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது. அவர் யாரையும் எதையும் கேட்க மாட்டார். மனுஷியின் குணமே அதுதான். காய்கறிக் கடையில் போய் நின்றால் "தக்காளி கால் கிலோ இருந்தா குடுங்க" என்பார். தக்காளி இருக்கிறதா என்று அவர் வாயில் வராது. போனை எடுத்தால் ஹலோ என்பதைக்கூட இழுக்காமல் வெட்டி வைத்ததுபோல் சொல்வார். எதிர்முனையில் இருப்பவர் ஏதோ தப்பு செய்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்.

வந்த புதிதில் ஒருமுறை செங்கம் போக வேண்டியவர் திருக்கோவிலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்றவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பாதி வழியில் ஊர் மாறுகிறது என்று தெரிந்தும் இறங்கவில்லை. கடைசிவரை போய், இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். மறுநாள் ஆபீஸே அவரை வைத்துச் சிரித்தது. "அங்க ஒரு கடையில காபி நல்லா போடுறான்" என்று மட்டும் சொன்னார். நான் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது. அவர் தன் தண்ணீர் பாட்டிலை என் மேஜைமேல் வைத்துவிட்டு ஃபைலைப் பிரித்தார்.

திங்கட்கிழமை மனு வாங்கும் நாளில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். அங்கே கேள்வி கேட்பதுதான் வேலை. எந்தத் தாலுகா, என்ன சர்வே நம்பர், போன தடவை கொடுத்த மனு என்ன ஆயிற்று. நாங்கள் சுடச்சுடக் கேட்போம். வந்தவர்கள் திணறுவார்கள். அவரோ பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு "சொல்லுங்க" என்பார். அப்புறம் வாயை மூடிக்கொள்வார். எதிரில் இருப்பவர் கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்ப்பார், பையை மடியில் வைத்துக்கொள்வார், பிறகு ஆதியிலிருந்து ஆரம்பிப்பார். சர்வே நம்பரும் அதில் வந்துவிடும், மருமகளோடு போட்ட சண்டையும் வந்துவிடும். அவருடைய வரிசை மெதுவாகத்தான் நகர்ந்தது. ஆனாலும் சனங்கள் எங்களை விட்டுவிட்டு அங்கே போய் நின்றார்கள்.

எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்த நாட்களும் உண்டு. ஒருநாள் குக்கர் ஆவி பட்டு வலது கை வெந்துபோய், துணி சுற்றிக்கொண்டு ஆபீசுக்கு வந்தேன். எல்லோரும் ஓடி வந்தார்கள். இவர் மட்டும் ஏறிட்டுப் பார்த்தார், என் மேஜையில் இருந்த ஃபைல்களில் பாதியைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார், எழுதத் தொடங்கிவிட்டார். "எப்படி ஆச்சு?" என்று ஒரு வார்த்தை கிடையாது. அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. விசாரிக்காத மனுஷிக்கு என்ன பாசம் இருக்க முடியும் என்று வீட்டில் போய்க்கூடப் புலம்பினேன்.

அதற்கடுத்த வருஷம்தான் என் மாமியார் செத்துப்போனார்.

மூன்று வருஷம் படுக்கை. ஒரு பக்கம் விழுந்துவிட்டது. காலையில் குளிப்பாட்டி, துணி மாற்றி, ஊட்டிவிட்டு ஆபீஸ் போவேன். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருவார். சாயங்காலம் வந்து மறுபடியும் நான். மூன்று வருஷத்தில் தொடர்ந்து நான்கு மணி நேரம் தூங்கிய நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். பக்கத்து அறையில் கட்டிலில் கொஞ்சம் சாய்ந்தேன். "ம்மா" என்று குரல் வந்தது. அவருக்குப் பேச்சு அவ்வளவுதான், பசி என்றாலும் ம்மா, வலி என்றாலும் ம்மா. இன்னொரு தடவையும் கூப்பிட்டார். கொஞ்சம் இருங்களேன், கொஞ்சம்தான், என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். தூங்கக்கூட இல்லை. விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். மூன்றாவது குரல் வரவில்லை. நிம்மதியாக இருந்தது. எழுந்து போய்ப் பார்த்தபோது முடிந்திருந்தது.

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் எங்கள் பக்கம் கேட்கிற முதல் கேள்வி ஒன்று உண்டு. "கடைசியில பக்கத்துல யாரு இருந்தாங்க?" இரண்டாவது கேள்வி, "வாயில ஒரு சொட்டு தண்ணியாச்சும் ஊத்தினீங்களா?" தப்பாகக் கேட்பதில்லை. போன உயிர் தனியாகப் போகவில்லை என்று தெரிந்தால் கேட்டவர்களுக்கு ஆறுதல். நான் எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னேன். "நான்தான் இருந்தேன். தண்ணி ஊத்தினேன்." என் கணவருக்கும் அதே பதில். காரியம் முடிகிற பதினாறு நாளும் சொன்னேன். "குடுத்து வச்சவ, மருமவ கையால தண்ணி குடிச்சிட்டுப் போனா" என்று என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன் என்று சொன்னால் நாடகமாகத் தோன்றும். உண்மையாகவே கழுவினேன்.

ஆபீசுக்குத் திரும்பினேன். அங்கேயும் அதே கேள்வி, அதே பதில். மத்தியானத்தில் கண் மூட முடியாது. மூடினால் அந்தக் குரலுக்காகக் காது காத்திருக்கும். ஒரு மாதத்தில் என் கண்ணைப் பார்க்க எனக்கே பயமாகிவிட்டது. பக்கத்து மேஜையில் இருந்த இவர் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜையைப் பூட்டிக்கொண்டே சொன்னார்.

"வர்ற திங்கள்லேர்ந்து ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன் மேடம். வீட்ல கட்டில் ஒண்ணு ஜாஸ்தி இருக்கு."

எனக்குப் புரியவே இல்லை. கட்டிலை விற்கப் பார்க்கிறாரோ என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில், பெரிய தெரு முனையில் ஆட்டோ நின்றபோதுதான் அது அழைப்பு என்று உறைத்தது. அவர் இதைவிட வெளிப்படையாக யாரையும் கூப்பிட்டிருக்க மாட்டார்.

"அடி அண்ணாமலைக்கா? இங்கேர்ந்து ஆட்டோவுல கால் மணி நேரம். அங்க போயி எதுக்குத் தங்கணும்? என்ன பண்ணப் போற?" என்றார் என் கணவர். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனாலேயே போனேன்.

கிரிவலப் பாதையை ஒட்டிய வாடகை வீடு. முன்னால் ஐந்தாறு சென்ட் தோட்டம். செம்பருத்தி, நந்தியாவட்டை, அரளி, ஒரு மல்லிப் பந்தல், சுவரோரம் கறிவேப்பிலை. சரளை மண். கோரைப்புல் எங்கே பார்த்தாலும். அந்த வாரத்துக்கு அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார், அதையும் அறிவிப்பாகத்தான் சொன்னார். வெயில் ஏறும்வரை தோட்டம். சாப்பாடுவரை ஒயர் கூடை. அப்புறம் புத்தகம்.

ஒயர் கூடை அவருக்கும் புதிது. அவர் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை, ஒன்றுமே தெரியாத இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான். அவரிடம் ஒரு சிவப்பு ஒயர் கட்டு, எனக்கு ஒரு பச்சைக் கட்டு. போனைச் சொம்பில் சாய்த்து வைத்து ஒரு வீடியோவைப் போட்டார். அதில் ஒரு பெண் மூச்சு விடாமல் பேசிக்கொண்டு, "அவ்ளோதான் பிரண்ட்ஸ், ரொம்ப ஈசி" என்று பத்து நொடியில் ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டினாள். எங்களுக்கு முதல் முடிச்சுக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. விரல் நுனியெல்லாம் எரிந்தது. சிவன் கண் முடிச்சுப் போட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன், ஊர் அப்படிப்பட்ட ஊர். "சாதா முடிச்சே நம்மள சாவடிக்குது" என்றார் அவர்.

முடிச்சு தப்பினால் பிரிக்க வேண்டும். பிரிப்பது போடுவதைவிடக் கஷ்டம், ஒயர் மடிந்த இடத்தில் வெள்ளையாகத் தழும்பு விழுந்துவிடும். இரண்டாம் நாள் நான் அடிப்பாகத்தில் ஒரு வரிசை கூடுதலாகப் போட்டுவிட்டேன். கூடை ஒரு பக்கம் சாயும் என்று அப்போதே தெரிந்தது. முழுக்கப் பிரிக்க எனக்குத் தெம்பு இல்லை. அவரைப் பார்த்தேன். "கோணல்தான்" என்றார். "தக்காளிக்குத் தெரியாது."

புத்தகம் இன்னும் வேடிக்கை. பழைய பேப்பர் கடையில் எடுத்த தடித்த நாவல். அட்டை கிடையாது, பெயர் கிடையாது, முதல் முப்பது பக்கமும் கிடையாது. முப்பத்தோராம் பக்கத்தின் முதல் வரியில் ஒரு பெண் அழுதுகொண்டே பாத்திரம் விளக்குகிறாள். அவர் முன்பே ஒருமுறை படித்துவிட்டார், மறுபடியும் படித்துக்கொண்டிருந்தார். தான் படித்து முடித்த பக்கம் வரைக்கும் புத்தகத்தை நடுவில் கிழித்து, அந்தப் பாதியை என்னிடம் தந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் அவருக்கு நூறு பக்கம் பின்னால் வந்துகொண்டிருந்தேன்.

"இவ எதுக்கு அழுவுறா மேடம்? முன்னாடி என்னா நடந்திச்சி?" என்றேன்.

"தெரியாது. முப்பத்தொண்ணுலதான் ஆரம்பிக்குது."

"பின்னாடி எங்கயாவது சொல்றாங்களா?"

"இல்ல."

"அப்ப எப்படிங்க படிக்கிறது? ஏன்னே தெரியாம?"

"அழுவுறான்னு தெரியுது. அது போதும்" என்று பக்கத்தைத் திருப்பினார்.

எனக்கு அது போதவில்லை. முப்பது பக்கத்தையும் நானே மனசுக்குள் எழுதிப் பார்த்துக்கொண்டு அன்று மத்தியானம் முழுக்கக் கிடந்தேன். கணவன் அடித்திருப்பானா, பிள்ளை செத்திருக்குமா. அவர் எதிர்க் கட்டிலில் மூக்குக் கண்ணாடியோடு சுகமாகப் படித்துக்கொண்டிருந்தார். கையாலாகாத கோபம் வந்தது எனக்கு.

புதன்கிழமை கூடை வேலையின்போது சொல்லிவிட்டேன். ஏன் அன்றைக்கு என்று தெரியாது. பச்சை ஒயரை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தேன், வாய் தானாகத் திறந்துகொண்டது. "எங்க மாமியார் கூப்ட்டாங்க மேடம். ரெண்டு தடவ கூப்ட்டாங்க. நான் முழிச்சிக்கினுதான் இருந்தேன். போவல. தண்ணி ஊத்தினேன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். ஊத்தல."

அவர் கை நின்றது. தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். ஏன் போகவில்லை என்று கேட்பார், கேட்டால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று கால் தயாராக இருந்தது. பரவாயில்லை என்று சொன்னாலும் ஓடியிருப்பேன். அவர் எழுந்து போய் மேஜை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் படுக்கிற கட்டில் பக்கம் திருப்பி வைத்தார்.

"செடிக்குச் சாயங்காலத் தண்ணிய நான் ஊத்திக்கிறேன். நீங்க படுங்க."

படுத்தேன். மத்தியானம்தான், வெயில் ஜன்னலில் வெள்ளையாக இருந்தது. வெளியே தோட்டத்தில் அவர் களைக்கொத்தால் கோரைக் கிழங்கைத் தோண்டுகிற சத்தம் கேட்டது, டக், டக் என்று. அந்தச் சத்தம் நிற்கும்வரை அவர் அங்கே இருக்கிறார் என்று தெரியும். விழித்தபோது விளக்குப் போட்டிருந்தது. ஐந்து மணி நேரம் தூங்கியிருந்தேன். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை இப்போதும் வைத்துக்கொண்டிருக்கிறேன், அதை வைக்கத்தான் இடம் தெரியவில்லை.

வியாழக்கிழமை பௌர்ணமி. சாயங்காலம் நான்கு மணிக்கே பாதை நிறைந்துவிட்டது. அந்த ஊர்க்காரர்களால் மாதம் ஒருநாள் வீட்டைவிட்டு வெளியே வர முடியாது, அவர்களுக்கு அது பழக்கம். தோட்டத்துச் சுவர் இடுப்பளவுதான். நடந்து போகிறவர்கள் லிங்கத்துக்குச் சாத்த என்று கையை நீட்டி நீட்டிப் பூப்பறித்துக்கொண்டே போனார்கள். நான் வாசலில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான்கு நாள் என் கையால் களை எடுத்த பாத்தி அது. ஒரு அம்மா எட்டிப் பிடித்து இழுத்ததில் நந்தியாவட்டையின் பெரிய கிளை ஒன்று பட்டை உரியத் தொங்கியது. அப்படியே முறித்துத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தார்.

"ஏம்மா! மரத்தையே எடுத்துக்கினு போறியே, அறிவிருக்கா?" என்று கத்தினேன். கூட்டத்தில் யார் காதில் விழும். உள்ளே திரும்பி இவரிடம் சண்டைக்குப் போனேன். "நீங்க ஒரு வார்த்த கேக்க வேணாமா?"

"கேட்டா ஒரு காரணம் சொல்லுவாங்க" என்றார். "கேட்டப்புறம் நானே செம்பருத்தியையும் ஒடிச்சிக் குடுத்துடுவேன்."

மறுநாள் காலை சுவரோரம் முழுக்கப் பாக்குமட்டைத் தட்டும் புளிசாதப் பருக்கையும் தண்ணீர் பாட்டிலும் கிடந்தன. இரண்டு பேரும் குனிந்து பொறுக்கினோம். அவர் முறிந்த கிளையின் மிச்சத்தைக் கத்தியால் சாய்வாக வெட்டிச் சீராக்கி, வெட்டுவாயில் சாணியைக் குழைத்து அப்பினார். குனிந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். நான் பார்த்தேன். கேட்கவில்லை. அதற்குள் எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோணல் கூடையில் துணியை அடைத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அவருடைய சிவப்புக் கூடைக்குக் கைப்பிடி மட்டும் பாக்கி இருந்தது.

அதன்பிறகு நான் ஆள் மாறிவிட்டேன் என்று ஆபீசில் சொன்னார்கள். யாரையும் விசாரிப்பதை விட்டுவிட்டேன். "உனக்கும் அந்தம்மா காத்து அடிச்சிடிச்சி" என்று கேலி செய்தார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. மனுஷர்களைப் படிக்கத் தெரிந்துகொண்டுவிட்டேன், எல்லோரையும் முப்பத்தோராம் பக்கத்திலிருந்து படித்துக்கொள்வேன் என்று ஒரு மிதப்பு. ஒரு வருஷத்துக்குமேல் அந்த மிதப்பில் இருந்தேன்.

அந்த வருஷத்தில்தான் அவர் இளைத்தார். பிளவுஸ் தோளில் தொங்கியது. மதியச் சாப்பாட்டில் பாதியைக் காக்காய்க்கு வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் லீவு எடுத்தார். மற்றவர்கள் கேட்டார்கள். "என்னா மேடம், பாதி ஆளாயிட்டீங்க?" "வெயில்" என்றார். மார்கழியிலும் "வெயில்" என்றார். அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டார்கள். நான் சிரிக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. அவருக்குப் பிடித்த மாதிரி நடந்துகொள்கிறேன் என்று நினைத்தேன். அவர் ஃபைல்களில் பாதியைத் தூக்கி என் பக்கம் வைத்துக்கொண்டேன். அவர் எனக்குச் செய்ததை நான் அவருக்குச் செய்கிறேன், கடமை முடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேஜையைப் பூட்டிவிட்டு என் பக்கம் வந்து நின்றார். நான் ஏதோ அவசர அறிக்கையில் இருந்தேன்.

"வர்ற திங்கள்லேர்ந்து லீவு போட்டிருக்கேன் மேடம். செடிக்குத் தண்ணி ஊத்த ஆள் இல்ல."

நிமிராமலே சொன்னேன். "பக்கத்து வீட்ல சொல்லிட்டுப் போங்க மேடம், ஊத்திடுவாங்க."

"சரி" என்றார். உடனே போகவில்லை. என் மேஜை ஓரத்தில் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பையை எடுத்துக்கொண்டு போனார்.

கட்டில் ஒன்று ஜாஸ்தி இருக்கிறது என்று சொன்னதைப் புரிந்துகொள்ள ஒருமுறை எனக்குப் பெரிய தெரு முனைவரை ஆனது. இதைப் புரிந்துகொள்ள மூன்று வாரம் ஆனது. ஆபீஸ் வாட்ஸப் குழுவில் அவர் படத்தைப் போட்டு, கூப்பிய கையைப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் வைத்துப் பார்த்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சாலையோரத்தில் நின்றேன், எதற்கு இறங்கினேன் என்று தெரியவில்லை.

ஆபீசில் எல்லோரும் என்னிடம் வந்தார்கள். "நீங்கதானே நெருக்கம். என்னா வியாதின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது. கேக்கல."

"ஒரு வருஷமா பக்கத்து சீட்ல உக்காந்துகினு ஒரு வார்த்த கேக்கலயா நீங்க?" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. அவர் பொதுவாக எல்லோரையும் எல்லாவற்றையும் கேட்டுக் குடைகிறவர். அன்று அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடி அண்ணாமலைக்குப் போனேன். வீட்டைக் காலி செய்ய அவருடைய தங்கை வந்திருந்தார். அவரைவிட நான்கைந்து வயது சின்னவர், அதே நெற்றி, அதே கண்ணாடி. வாசலில் அட்டைப் பெட்டிகள். சிவப்புக் கூடையில் துணிக் கிளிப்புகள் கிடந்தன, இரண்டு கைப்பிடியும் போட்டு முடித்திருந்தார், கோணலே இல்லை. தோட்டத்தில் கோரை முழங்கால் உயரம். மல்லிப் பந்தல் சருகாகிவிட்டது. நந்தியாவட்டையில் அந்த வெட்டுவாய்க்குப் பக்கத்தில் ஒரு கிளை தழைத்து, அதுவும் துவண்டு தொங்கியது.

கூட வேலை செய்தவள் என்று சொன்னேன். தங்கை ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். கர்ப்பப்பையில் கட்டி, ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது, ஆபரேஷனுக்குப் பிறகு தாங்கவில்லை என்று அவராகவே சொன்னார். அவர் கண்ணைச் சுற்றி இருந்த கருப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த கருப்பு. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை. ஒன்றரை வருஷமாகப் பூட்டி வைத்திருந்த வாய்.

"கடைசியில பக்கத்துல யாரு இருந்தாங்க?"

கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே கேட்டது. ஆனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவ்வளவு பேரும் என்னிடம் அன்றைக்கு ஏன் அதைக் கேட்டார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

தங்கை ஒரு பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். பார்வை செம்பருத்திப் பக்கம் இருந்தது.

"நான்தான் இருந்தேன்" என்றார். நான் அடுத்து எதுவும் கேட்பதற்குள், "வாயில தண்ணி ஊத்தினேன்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

அந்த இரண்டு வாக்கியத்தையும் பதினாறு நாள் சொன்னவள் நான். இதே வரிசையில், இதே வேகத்தில், இதேபோல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. யாரும் இருந்திருக்கவில்லை. தங்கை கேன்டீனுக்குப் போயிருப்பாரோ, மருந்து வாங்கப் போயிருப்பாரோ, வராண்டா பெஞ்சில் ஐந்து நிமிஷம் கண் மூடியிருப்பாரோ, பாவம். அக்கா தனியாகப் போயிருக்கிறார். என்னைக் கூப்பிட்டிருந்தார், ஒரே ஒரு தடவை, அவருக்குத் தெரிந்த மாதிரி. நான் கூட்டலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கை என் அடுத்த கேள்விக்காக நின்றார். அவர் கால் ஓடிப்போகத் தயாராக இருந்தது எனக்குத் தெரிந்தது.

"உள்ள கட்டில் இன்னும் பிரிக்கல" என்றேன். "கொஞ்ச நேரம் படுங்க. செடிக்குத் தண்ணி நான் ஊத்துறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தார். பிறகு உள்ளே போனார். கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது.

மோட்டாரைப் போட்டேன். குழாயில் முதலில் வெறும் காற்று வந்தது, அப்புறம் சூடான தண்ணீர், அப்புறம்தான் நல்ல தண்ணீர். நந்தியாவட்டையின் அடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வாரத்துக்குமேல் காய்ந்த மண். எவ்வளவு ஊற்றினாலும் குடித்துக்கொண்டே இருந்தது.